13 வயது மகன், கால்பந்தில் நடுவில்தான் ஆடுவேன் என்கிறான்: 3 லட்சம் கட்டி சென்னை அகாடமிக்கு அனுப்பலாமா?

வடுவூர் ஏரிக்கரை (கேள்வி)

வணக்கம். மன்னார்குடி தாலுகா, வடுவூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. இந்தப் பக்கம் கபடிதான் பெரிது. பையன் கால்பந்து ஆடுகிறான் என்றால் சொந்தக்காரர்களே "அது என்னத்துக்கு?" என்று கேட்கிறார்கள். மகனுக்கு 13 வயது முடிந்தது. ஜூனில் ஒன்பதாவது போகிறான். உயரம் 4 அடி 8 அங்குலம். வகுப்பிலேயே குள்ளம்.

போன மாதம் மன்னார்குடியில் ஒரு போட்டியில் ஆடினான். பார்க்க வந்திருந்த ஒருவர் கார்டு கொடுத்துவிட்டுப் போனார். சென்னையில் தங்கிப் பயிற்சி, வருடத்துக்கு 3 லட்சம், இரண்டே வருடத்தில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கிளப் ஒன்றின் ஜூனியர் அணியில் இடம் உறுதி என்கிறார். இவன் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். "நீ பார்த்து முடிவு பண்ணு" என்று என்னிடம் விட்டுவிட்டார். அவ்வளவு பணத்துக்கு நகையைத்தான் அடகு வைக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம். ஊரில் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் கால்பந்து) அணியை நடத்தும் தம்பி, "நடுவில் ஆடினால் யார் கண்ணிலும் படமாட்டான், முன்னால் ஆடி கோல் போடச் சொல்லுங்கள்" என்கிறார். இவன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். கேட்டதற்கு, "அம்மா, நடுவில் நின்றால்தான் எல்லாரையும் பார்க்க முடியுது" என்றான். எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடந்தை பி.டி. சார்

அம்மா, முதலில் நகையை வீட்டிலேயே வையுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 ஆம் வகுப்புகளுக்குப் பையன்களைத் தேர்வு செய்கிறார்கள். கால்பந்தும் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, சீருடை எதற்கும் காசு இல்லை. கோடையில் தேர்வு நடக்கும். ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இப்போதே போய்த் தேதி கேட்டு வையுங்கள். இவன் ஒன்பதாவது போகிறான் என்பதால் இந்த வருடம் பொருந்தும். விட்டால் அடுத்த வாய்ப்பு பதினொன்றில்தான்.

பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒரே தேதிதானா என்று பாருங்கள். வயது விஷயத்தில் இப்போது கறாராக இருக்கிறார்கள். மேலே போகப் போக மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதே பார்ப்பார்கள். ஆட்டத்தைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லட்டும்.

வெண்ணாறு 8

தங்கச்சி, உங்கள் மகன் சொன்ன வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் 13 வயதில் ஒரு பையன் அப்படிச் சொல்கிறான் என்றால் அவன் மிட்ஃபீல்டர், நடுகள வீரர். அவனை முன்னால் தள்ள விடாதீர்கள்.

நான் வெண்ணாற்றங்கரைக்காரன். தஞ்சாவூரிலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம். 14 வருடம் நடுவில்தான் ஆடினேன். மாவட்ட லீக், அப்புறம் சென்னை சீனியர் டிவிஷன், இடையில் ஒரு சீசன் கொல்கத்தா. பெரிய பேர் எடுத்தவன் இல்லை. ஆனால் இந்த இடத்தில் ஆடிப் பிழைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்கு மைதானம் என்பது தாளடி அறுத்த வயல். வைக்கோலை அள்ளிய அன்றைக்கே நாலு கம்பு நட்டுவிடுவோம். ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வெண்ணாற்றில் இறங்கி, குறுவைக்கு உழவு ஓட்டும் வரை அந்த வயல் எங்களுடையது. வரப்புதான் எல்லைக்கோடு. அறுத்த தாளின் அடிக்கட்டை உள்ளங்காலைக் குத்தும். அதில் பட்டுப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. பந்தை அடக்கவே இரண்டு கண்ணும் வேண்டும். அதனால் பந்து வருவதற்கு முன்பே யார் எங்கே நிற்கிறான் என்று பார்த்து வைத்துக்கொள்ளப் பழகினோம். பழக்கம் என்றுகூட நினைக்கவில்லை. வேறு வழியில்லாமல் வந்தது.

பிற்பாடு சென்னையில் ஒரு கோச் சொன்னபோதுதான் அதற்கு இவ்வளவு மதிப்பு என்று புரிந்தது. 90 நிமிட ஆட்டத்தில் நடுகள வீரர் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். பந்து அவர் காலில் இருப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம்தான். மீதி நேரம் முழுக்கப் பார்ப்பதும் இடம் மாறுவதும்தான் வேலை. நார்வே நாட்டு ஆய்வாளர் கெயர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களை வீடியோவில் வைத்து, பந்து வருமுன் எத்தனை தடவை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறார். அதிகம் பார்த்தவர்களின் பாஸ்தான் அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஃபிராங்க் லாம்பார்டு அந்தப் பட்டியலின் மேல்வரிசையில் இருந்தார். உங்கள் மகன் "எல்லாரையும் பார்க்க முடியுது" என்கிறானே, இதைத்தான் சொல்கிறான்.

உயரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஸ்பெயினின் ஸாவி 170 செ.மீ. லூக்கா மோட்ரிச்சைச் சிறு வயதில் குரோஷியாவின் பெரிய கிளப்பான ஹைடுக் ஸ்ப்ளிட் எடுத்துக்கொள்ளவில்லை, உடம்பு போதாது என்று. 2018இல் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருது அவருக்குத்தான் போனது. என்கோலோ கான்டே 21, 22 வயதில் பிரான்ஸின் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். 2016இல் லெஸ்டர் அணியோடு பிரீமியர் லீக், மறுவருடம் செல்சியோடு அதே கோப்பை, 2018இல் உலகக் கோப்பை. 13 வயதில் குள்ளமாக இருப்பவன் இடித்துத் தள்ளி ஆட முடியாது. அதனால் அவன் முன்கூட்டியே யோசித்து ஆடக் கற்றுக்கொள்கிறான். மற்ற பையன்கள் வளர்ந்து நிற்கும் இந்த இரண்டு மூன்று வருடம் அவனுக்குக் கஷ்டமாக இருக்கும். பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அப்போது வீட்டில் யாரும் அவனைக் குறை சொல்லக் கூடாது. உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான்.

எங்கள் தலைமுறைக்குத் தஞ்சாவூரில் ஒரே ஒரு பெயர்தான், குலோத்துங்கன். நடுகள வீரர். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து கிளம்பிப் போய் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் சட்டை போட்டவர். 2003 ஜூலை 26, ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பை இறுதி ஆட்டம். தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவை ஈஸ்ட் பெங்கால் 3-1 என்று ஜெயித்தது. எல்லாரும் பைச்சுங் பூட்டியாவைப் பற்றிப் பேசினார்கள், பேச வேண்டியதுதான், அந்தத் தொடரில் 9 கோல் போட்டவர். நான் டீக்கடையில் பேப்பரை வைத்துக்கொண்டு அந்த அணியில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது 20 வயது. 2018 அக்டோபரில் அவர் தஞ்சாவூரிலேயே பைக் விபத்தில் இறந்துபோனார். இன்றைக்கு அன்னை சத்யா மைதானத்துக்கு வரும் பையன்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. எனக்கு அது தாங்கவில்லை. உங்கள் மகனிடம் சொல்லுங்கள், டெல்டாவிலிருந்து ஒரு மிட்ஃபீல்டர் ஏற்கெனவே அந்த வழியில் போயிருக்கிறார் என்று.

நானும் அதே ஆசையில்தான் 2006இல் கொல்கத்தா போனேன். அங்கே லீக் மழைக்காலத்தில் நடக்கும். மைதானம் முழங்கால் சேறு. வெளியூர்ப் பையன்கள் தடுமாறினார்கள். எனக்கு அது நடவு வயல் மாதிரி இருந்தது. சேற்றில் உருட்டிப் பாஸ் கொடுத்தால் பாதி வழியில் நின்றுவிடும். கொஞ்சம் கிண்டித் தூக்கிவிட வேண்டும். கால் ஊன்றும்போது குதிகாலை முதலில் வைக்கக் கூடாது, வழுக்கிவிடும். இதெல்லாம் வயலில் இறங்கிப் பழகியவனுக்குக் காலே சொல்லும். முதல் ஆறு ஆட்டங்களில் நான்கில் முழு நேரமும் ஆடினேன்.

ஏழாவது ஆட்டத்தில் முழங்கால் திரும்பிவிட்டது. உள்ளே இருக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுந்துவிட்டது. கிளப் ஆட்கள் ஒரு தடவை வந்து பார்த்தார்கள். ஆபரேஷன் செலவை ஏற்கவில்லை. மிச்சச் சம்பளமும் வரவில்லை. ஒப்பந்தம் என்று என் கையில் இருந்தது ஒரே ஒரு தாள், அதில் காயத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் இரண்டு கம்பை ஊன்றிக்கொண்டு திரும்பினேன். அப்பா ஒரு மா நிலத்தை விற்று ஆபரேஷன் செய்தார். திரும்ப ஓட 11 மாதம் ஆனது. அதற்கப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்து, அந்த அணிக்காக 34 வயது வரை ஆடினேன். பட்டப்படிப்பை முடித்திருந்ததால்தான் அந்த வேலை. படிப்பை விட்டுவிட்டு என்னோடு கிளம்பிய இரண்டு பேரைப் பற்றி இங்கே எழுத மனம் வரவில்லை.

சரி, அகாடமி. "இடம் உறுதி" என்று எவனாவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். 13 வயதுப் பையனுக்கு அதை யாராலும் உறுதி கொடுக்க முடியாது. நல்ல இடங்கள் பையனைப் பார்த்துத் தேர்வு செய்து அவர்களே செலவு செய்கிறார்கள். 1987இலிருந்து நடக்கும் ஜாம்ஷெட்பூர் டாடா அகாடமி அப்படித்தான். பணம் வாங்கும் எல்லா அகாடமியும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கார்டு கொடுத்தவருக்கு போன் போட்டு இதைக் கேளுங்கள்: அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, கோச் என்ன லைசென்ஸ் வைத்திருக்கிறார், சம்மேளனத்தின் இளையோர் லீக்கில் போன வருடம் எத்தனை ஆட்டம் ஆடினார்கள், அடிபட்டால் யார் செலவு. கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்.

இன்னொன்று, இது இன்றைக்கே செய்யலாம். நீங்களே செய்யலாம், ஆட்டம் தெரிய வேண்டாம். களத்தில் அவனை நிற்க வைத்து, ஒரு பையனை எதிரிலிருந்து பந்தை அவன் காலுக்கு உருட்டச் சொல்லுங்கள். நீங்கள் அவன் பின்னால் பத்தடி தள்ளி நின்று விரல்களைக் காட்டுங்கள். பந்து அவன் காலைத் தொடுவதற்கு முன் அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றி நில்லுங்கள், ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம். பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். என்னிடம் சாயங்காலம் வரும் பையன்களுக்கு முதல் மாதம் இது ஒன்றைத்தான் கொடுக்கிறேன்.

செவன்ஸை மட்டும் குறைத்துவிடுங்கள். அந்தச் சின்ன மைதானத்தில் பந்து பின்னாலிருந்து நேராக முன்னால் போய்விடும். நடுவில் இருப்பவன் ஆட்டத்தை நடத்த அங்கே இடமே இல்லை. பல ஊர்களில் ஆஃப்சைடும் (எதிரணியின் கோல் பக்கத்திலேயே போய்க் காத்து நிற்பதைத் தடுக்கும் விதி) கிடையாது. நல்ல நடுகளப் பையன்கள் அங்கே போய்க் கோலுக்கு மட்டும் ஓடப் பழகிக் கெட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அதிரை கடற்காற்று

அக்கா, அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, செவன்ஸைத் தவிர. எங்கள் அதிராம்பட்டினத்தில் கோடை வந்தால் எழுவர் தொடர் போட்டிதான். சாயங்காலம் தொடங்கினால் ஊரே மைதானத்தில் நிற்கும். வெளியூர், வெளி மாவட்ட அணிகள் எல்லாம் வரும். நான் அதில்தான் வளர்ந்தேன். இப்போது 22 வயது, சென்னையில் கல்லூரி அணிக்கு ஆடுகிறேன். நெருக்கடியில் இரண்டு பேர் மேலே விழும்போது பந்தை ஒரே தொடலில் கழற்றிவிடும் கை வேலை, மன்னிக்கவும், கால் வேலை எனக்கு அங்கே வந்ததுதான். ஆயிரம் பேர் கத்தும்போது பதறாமல் இருப்பதும் அங்கேதான் வந்தது. தம்பியை அடியோடு நிறுத்தாதீர்கள். பெரிய ஆட்கள் ஆடும் பரிசுப் போட்டிகளுக்கு மட்டும் இப்போது அனுப்ப வேண்டாம். அதில் காலைப் பார்த்து அடிப்பார்கள்.

வெண்ணாறு 8

தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். நெருக்கடியில் பந்தைக் காப்பாற்றும் பழக்கம் செவன்ஸில் வரும், அது உண்மை. நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. 14, 15 வயதில் பதினொரு பேர் ஆட்டம் போதுமான அளவு ஆடாதவனுக்கு முழு மைதானத்தின் தூரம் கண்ணில் பதியாது. 40 கெஜம் தள்ளி ஓடும் ஆளைப் பார்த்துப் பந்தைப் போடுவது அப்புறம் கற்றுக்கொண்டு வருவதில்லை. மாதத்துக்கு இரண்டு பதினொரு பேர் ஆட்டமாவது அவனுக்குக் கிடைத்தால் செவன்ஸும் ஆடட்டும்.

வடுவூர் ஏரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, உங்கள் முழங்கால் கதையைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. இவனுக்கும் அப்படி ஆகிவிட்டால்? அதைத் தடுக்க ஏதாவது இருக்கிறதா? அப்புறம், ஒரு மிட்ஃபீல்டர் எத்தனை வயது வரை ஆட முடியும்? அதற்குப் பிறகு என்ன?

வெண்ணாறு 8

பயப்பட வைத்துவிட்டேன் போல. நேராகவே சொல்கிறேன். காயம் வராது என்று யாரும் சொல்ல முடியாது. வியாசர்பாடி தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோல் போட்ட மிட்ஃபீல்டர். அந்த வருடம் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி.யில் இருந்தவர். அடுத்த சீசன் முழுக்க முழங்கால் காயத்தால் வெளியே உட்கார வேண்டியதாகிவிட்டது. உள்ளூர்ப் பையனாக இருந்தாலும் பெரிய கிளப்பாக இருந்தாலும் முழங்கால் முழங்கால்தான்.

ஆனால் குறைக்கலாம். எங்கள் காலத்தில் வந்தவுடன் பந்தை உதைக்க ஆரம்பித்துவிடுவோம். இப்போது என் பையன்களை 15 நிமிடம் உடம்பைச் சூடாக்காமல் பந்தைத் தொட விடுவதில்லை. ஒற்றைக் காலில் நின்று மெதுவாக உட்கார்ந்து எழுவது, குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, அது உள்பக்கம் சாயாமல் இறங்குவது, இரண்டும் தினம் செய்ய வேண்டும். தேய்ந்த பூட்ஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மழையில் ஊறிய தரையில் பூட்ஸுக்கு அடியில் நீள ஸ்டட் (முளை) வேண்டும், காய்ந்த கட்டாந்தரையில் அதையே போட்டால் கால் மாட்டிக்கொண்டு முழங்கால் திரும்பும். எனக்கு அதுதான் நடந்தது. மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்துக் காய்ந்த தரை, காலில் சேற்றுக்கான பூட்ஸ்.

வயது: 26 முதல் 30 வரைதான் மிட்ஃபீல்டரின் நல்ல காலம். வேகத்தை நம்பி ஓரத்தில் ஆடுகிற விங்கர் அதற்குள் இறங்க ஆரம்பித்திருப்பான், கண்ணை நம்பி ஆடுகிறவன் 33, 34 வரை தாக்குப்பிடிப்பான். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குச் சோறு போடுவது கிளப் சம்பளம் இல்லை. தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை மாதிரி அலுவலக அணிகள்தான். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் தனி இடங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். குறுவட்டப் போட்டியில் வாங்கும் முதல் சான்றிதழிலிருந்து ஒன்று விடாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். என்னுடைய இரண்டு சான்றிதழ் ஓட்டுக்கூரை ஒழுகி அழிந்துபோனது. நகல் வாங்க எட்டு மாதம் அலைந்தேன்.

வடுவூர் ஏரிக்கரை

கார்டு கொடுத்தவருக்கு நேற்று போன் செய்தேன். அடிபட்டால் யார் செலவு, எழுத்தில் தருவீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் அங்கே வந்து பேசிக்கலாம்" என்றார். இளையோர் லீக் ஆட்டம் எத்தனை என்று கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது, பிறகு எடுக்கவில்லை. இவன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், பணம் அனுப்ப வேண்டாம் என்று. விடுதித் தேர்வுக்குத் தேதி வந்தவுடன் தெரிவிப்பதாக மாவட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். ஆதாரில் தேதி ஒரு நாள் தள்ளி இருக்கிறது, திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

களத்தில் மூன்று நாளாக விரல் காட்டுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் பந்தை உருட்டுகிறாள். முதல் நாள் பத்துக்கு நாலு. நேற்று ஏழு. இன்றைக்கு நான் இடம் மாறும்போது சருகில் கால் பட்டு சத்தம் கேட்டது. அவன் திரும்பாமலே, "அம்மா, இடப்பக்கம் போயிட்டீங்க, காலைத் தூக்கி வையுங்க" என்றான்.

வெண்ணாறு 8

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவனை அன்னை சத்யா மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் தங்கச்சி. பதினொரு பேர் ஆட்டம் வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. பூட்ஸ் வாங்கிவிடாதீர்கள், தரையைப் பார்த்துவிட்டு நானே சொல்கிறேன்.